ஓடு இருந்தும் திறந்த விதை
பைன் பருப்பை வைத்து ஒரு பாடம்

எட்டாம் வகுப்பில் தாவர உலகம் பாடம் நடந்துகொண்டிருந்த வாரம் அது. உறவினர்களோடு கொடைக்கானல் போய்விட்டு வந்த ஒரு மாணவி, பழுப்பு நிறத்தில் விரிந்திருந்த ஒரு கூம்பை என் மேசைமேல் வைத்தாள். “டீச்சர், இது பைன் மரத்துக் காய்” என்றாள். “காய் இல்லம்மா, கூம்பு. பைன் மரத்துக்குக் காயும் கிடையாது, கனியும் கிடையாது. அது திறந்த விதைத் தாவரம்” என்று நான் வழக்கமான பதிலைச் சொன்னேன்.

மறுநாள், தில்லியில் வேலை பார்க்கும் என் தம்பி வாங்கிவந்திருந்த சில்கோசாவில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். சில்கோசா என்பது இமயமலையில் வளரும் ஒரு வகைப் பைன் மரத்தின் விதை. விரல் நுனி அளவு நீளம், மெலிந்த உடல், பழுப்பு ஓடு. அதை உடைத்தால் உள்ளே பால் வெள்ளையில் பருப்பு. குழந்தைகள் கையில் வாங்கிப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவன் எழுந்தான். “டீச்சர், திறந்த விதைன்னு சொன்னீங்க. இதுக்கு ஓடு இருக்கே? வேர்க்கடலை மாதிரி உடைச்சுத்தானே பருப்பை எடுக்கணும்? அப்புறம் எப்படித் திறந்த விதை?”

வகுப்பு அமைதியாகிவிட்டது. நானும்தான். “ஜிம்னோஸ்பெர்ம்களில் விதைகள் கனியால் மூடப்படுவதில்லை” என்ற வரியை எத்தனையோ ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன், விடைத்தாள்களில் நூற்றுக்கணக்கான முறை சரி போட்டிருக்கிறேன். ஒரு விதையைக் கையில் கொடுத்தது அதுவே முதல் முறை. கையில் கொடுத்த உடனே கேள்வி வந்துவிட்டது. “நல்ல கேள்வி. நாளைக்குச் சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லி மணியடிக்கும் வரை சமாளித்தேன்.

அந்த ஒரு கேள்விக்கு விடை தேடிப் போனபோது, தாவரவியல், பறவையியல், சமையல், காட்டு மக்களின் வாழ்க்கை என்று பாடம் விரிந்துகொண்டே போனது. நான் கற்றதையும், வகுப்பில் செய்து பார்த்ததையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

எது ஓடு, எது தோல்?

மாணவனின் குழப்பத்துக்குக் காரணம் ‘ஓடு’ என்ற நம் பேச்சு வழக்குச் சொல். கெட்டியாக மூடியிருக்கும் எதையும் நாம் ஓடு என்கிறோம். தாவரவியல் அப்படிப் பார்ப்பதில்லை. அந்த மூடி எதிலிருந்து உருவானது என்று கேட்கிறது.

பூக்கும் தாவரங்களில் சூல்கள் சூற்பைக்குள் இருக்கின்றன. கருவுற்ற பிறகு சூல் விதையாகிறது, சூற்பை கனியாகிறது. ஆகவே அங்கே விதைக்கு இரண்டு மூடிகள்: சூலைச் சுற்றியிருந்த சூலுறையிலிருந்து வருவது விதையுறை, சூற்பையின் சுவரிலிருந்து வருவது கனித்தோல். வேர்க்கடலையில் நாம் உடைக்கும் ஓடு கனித்தோல். பருப்பின்மேல் ஒட்டியிருக்கும் சிவப்புத் தோல்தான் விதையுறை. தேங்காய்ச் சிரட்டை, கனித்தோலின் கெட்டியான உள் அடுக்கு. பாதாமின் கட்டி ஓடும் அதே உள் அடுக்குதான். ஊற வைத்து உரிக்கிறோமே, அந்தப் பழுப்புத் தோல் விதையுறை. முந்திரிக்கொட்டையின் எண்ணெய் கசியும் ஓடும் கனித்தோலே.

பைன் மரத்தில் சூற்பையே இல்லை. பெண் கூம்பின் ஒவ்வொரு செதிலின் மேற்புறத்திலும் இரண்டு சூல்கள் வெறுமனே அமர்ந்திருக்கின்றன. காற்றில் வரும் மகரந்தத்தூள், சூல்முடி, சூல்தண்டு என்று எதையும் கடக்காமல் நேராகச் சூலையே அடைகிறது. சூற்பை இல்லாததால் கனியும் இல்லை. நாம் உடைக்கும் பைன் ஓடு, சூலுறை கெட்டிப்பட்டு உருவான விதையுறைதான். அதாவது வேர்க்கடலையின் சிவப்புத் தோலுக்கு இணையானது பைனின் ஓடு; வேர்க்கடலை ஓட்டுக்கு இணையான ஒன்று பைனில் கிடையவே கிடையாது.

மறுநாள் இதைச் சொன்னபோது அந்த மாணவன் தானாகவே முடித்தான்: “அப்போ பைனுக்குச் சட்டை மட்டும்தான் டீச்சர், வீடு இல்ல.” இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. விதைக்குச் சட்டை உண்டு, வீடு இல்லை. அதுவே திறந்த விதை.

பருப்புக்குள் என்ன இருக்கிறது?

பருப்பை நீளவாக்கில் கவனமாகப் பிளந்தால் நடுவில் ஒரு மெல்லிய வெள்ளைக் குச்சி தெரியும். அதுதான் கரு. அதன் ஒரு முனையில் விதையிலைகள் கொத்தாக இருக்கும். அவரையில் இரண்டு, நெல்லில் ஒன்று என்று கற்பித்து முடித்த கையோடு இதைக் காட்டலாம்: பைனில் விதையிலைகள் பல. இனத்துக்கு இனம் எண்ணிக்கை மாறும்.

கருவைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பகுதியே நாம் உண்ணும் பருப்பு. நெல்லிலும் கோதுமையிலும் நாம் உண்ணும் கருவூண் திசு, இரட்டைக் கருவுறுதலால் தோன்றும் மும்மடியத் திசு. பைனில் இரட்டைக் கருவுறுதல் இல்லை. அங்கே கருவுக்கு ஊட்டம் தருவது பெண் கேமீட்டகம். இது கருவுறுதலுக்கு முன்பே தோன்றிவிடும் ஒற்றைமடியத் திசு. ஒரே விதைக்குள் ஒற்றைமடியத் திசுவும் இரட்டைமடியக் கருவும் அருகருகே இருப்பதை மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குக் காட்ட இதைவிட எளிய பொருள் கிடைக்காது.

இன்னொரு செய்தி மாணவர்களை வியக்க வைக்கும். பைன் அவசரப்படாத மரம். பெரும்பாலான பைன்களில் மகரந்தச்சேர்க்கை நடந்து ஏறத்தாழ ஓராண்டு கழித்தே கருவுறுதல் நடக்கிறது. கூம்பு இரண்டாம் ஆண்டில் முதிர்கிறது. மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் குடை வடிவப் பைன் மரத்தில் கூம்பு முதிர மூன்று ஆண்டுகள் ஆகும். எனவே ஒரே மரத்தில், ஒரே நேரத்தில், இந்த ஆண்டு அறுவடைக்கான கூம்பும் அடுத்த ஆண்டுக்கான பிஞ்சுக் கூம்பும் இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு தேவைப்படும்.

காற்றை நம்பும் விதை, பறவையை நம்பும் விதை

மாணவி கொண்டுவந்த கொடைக்கானல் கூம்பில் விதை இல்லை. அது நம் மலைகளில் நடப்பட்ட, மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பைனஸ் பாட்டுலா மரத்தின் கூம்பு. அதன் விதைகள் மிகச் சிறியவை. ஒவ்வொன்றுக்கும் மெல்லிய இறக்கை உண்டு. செதில்கள் விரிந்ததும் காற்றில் பறந்துவிடும். நூற்றுக்கும் மேற்பட்ட பைன் இனங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். உண்ணும் அளவுக்குப் பெரிய விதை தருபவை சுமார் இருபது இனங்களே.

பெரிய விதை கனமானது. காற்று அதைத் தூக்காது. அவற்றில் பலவற்றுக்கு இறக்கை இல்லை, அல்லது பெயரளவுக்கே உண்டு. மாம்பழமும் நாவல்பழமும் சதையைக் கூலியாகக் கொடுத்து விதையைச் சுமக்கவைக்கின்றன. பைனிடம் சதை இல்லை, கனியே இல்லை. அப்படியானால் யார் சுமப்பது? எதற்காகச் சுமப்பது?

வட அமெரிக்காவின் உயர் மலைகளில் வளரும் வெண்பட்டைப் பைன் இதற்குத் தெளிவான விடை தருகிறது. அதன் கூம்பு முதிர்ந்தாலும் தானாக விரிவதில்லை. கிளார்க் நட்கிராக்கர் என்ற, காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த சாம்பல் நிறப் பறவை தன் நீண்ட அலகால் செதிலைக் குத்திப் பிளந்து விதையை எடுக்கிறது. அதன் நாக்குக்கு அடியில் ஒரு பை உண்டு. அதில் பல பத்து விதைகளை நிரப்பிக்கொண்டு பறந்துபோய், ஓரிடத்தில் சிலவாக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணில் புதைக்கிறது. நல்ல விளைச்சல் ஆண்டில் ஒரு பறவை முப்பதாயிரத்துக்கும் அதிகமான விதைகளைப் பல ஆயிரம் இடங்களில் புதைக்கும். பனிக்காலத்திலும் அடுத்த வசந்தத்திலும் அவற்றைத் தோண்டித் தின்கிறது, குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது.

இத்தனை இடங்களை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது? மோப்பமா, அடையாளமா, தற்செயலா? ஸ்டீபன் வாண்டர் வால் என்ற ஆய்வாளர் 1982இல் வெளியிட்ட சோதனை, நம் மாணவர்களுக்கே புரியக்கூடியது. பறவைகள் விதை புதைத்த ஒரு களத்தில் கல், கட்டை போன்ற அடையாளப் பொருள்கள் இருந்தன. பறவைகள் இல்லாத நேரத்தில் களத்தின் ஒரு பாதியில் மட்டும் அந்தப் பொருள்களை 20 சென்டிமீட்டர் நகர்த்திவைத்தார். திரும்பி வந்த பறவைகள் அந்தப் பாதியில் ஏறத்தாழ அதே அளவு தள்ளிக் குத்தித் தேடி ஏமாந்தன. நகர்த்தாத பாதியில் சரியாக எடுத்தன. மோப்பம் என்றால் ஏமாந்திருக்காது. பெரிய அடையாளங்களை வைத்து இடத்தை நினைவில் கொள்கிறது என்பது உறுதியானது.

‘பறவை மறந்த விதை மரமாகிறது’ என்று சொல்வது வழக்கம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முழு உண்மை அல்ல. பறவை அதிகம் மறப்பதில்லை. தனக்குத் தேவையானதைவிட மிக அதிகமாகப் புதைக்கிறது. எலியும் அணிலும் திருடும், பனி மூடும், பஞ்சம் வரும் என்று கூடுதலாகச் சேமிக்கிறது. அந்த மிச்சம்தான் காடு. வகுப்பில் இதைத் திருத்திச் சொல்வது முக்கியம் என்று நினைக்கிறேன். காடு மறதியால் வருவதில்லை, மிச்சத்தால் வருகிறது.

இந்த உறவில் ஒரு பக்கம் சரிந்தால் மறுபக்கமும் சரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிலிருந்து வட அமெரிக்காவுக்குள் நுழைந்த ஒரு துரு நோய்ப் பூஞ்சை, மரப்பட்டை வண்டுகள், வெப்பம் கூடும் காலநிலை ஆகியவை சேர்ந்து வெண்பட்டைப் பைனை அழித்து வருகின்றன. 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு அதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிட்டது. மரம் குறைந்தால் விளைச்சல் குறையும். விளைச்சல் குறைந்த மலைக்கு நட்கிராக்கர் வருவது குறையும். பறவை வராத மலையில் புதைப்பதற்கு ஆள் இல்லை. அணில்கள் குவித்துவைத்த பைன் விதைகளைத் தோண்டித் தின்று கொழுப்புச் சேர்க்கும் பழுப்புக் கரடிகளுக்கும் அது இழப்பே. உணவுச் சங்கிலியைச் சங்கிலியாக மட்டும் வரையாமல் வலையாக வரையச் சொல்ல இது நல்ல எடுத்துக்காட்டு.

அடுக்களைக்குள் பைன்

குளிர்காலத்தைத் தாண்ட ஒரு பறவைக்கு உதவும் பருப்பு, மனிதருக்கும் அதற்காகவே பிடித்துப்போனது. 100 கிராம் பைன் பருப்பில் சுமார் 68 கிராம் கொழுப்பு, 14 கிராம் புரதம், 670 கிலோ கலோரி ஆற்றல் உள்ளன. மெக்னீசியம் சுமார் 250 மில்லிகிராம் உண்டு. துத்தநாகமும் மாங்கனீசும் கணிசமாக உண்டு.

இத்தாலியின் ஜெனோவா நகரத்துப் பெஸ்டோ உலகெங்கும் பரவிய உணவு. துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் இலை, பூண்டு, பைன் பருப்பு, உப்பு, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றைப் பளிங்கு உரலில் மரக் குழவியால் இடித்துச் செய்வது மரபு. பெஸ்டோ என்ற பெயரே ‘இடித்தது’ என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. அடுப்பே இல்லாமல் செய்யும் அந்த நாட்டுத் துவையல் என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். பருப்பின் கொழுப்பு இலையின் காரத்தையும் பூண்டின் நெடியையும் மட்டுப்படுத்திக் குழைவைத் தருகிறது. நம் துவையலில் தேங்காய் செய்யும் வேலையை அங்கே பைன் பருப்பு செய்கிறது.

லெபனான், சிரியா பகுதிகளில் இதை நெய்யிலோ எண்ணெயிலோ பொன்னிறமாக வறுத்து, சோற்றின் மேலும் இறைச்சி உருண்டைக்குள்ளும் சேர்ப்பார்கள். துருக்கியில் திராட்சை இலைக்குள் அரிசியோடு பைன் பருப்பையும் உலர்ந்த சிறு திராட்சையையும் வைத்துச் சுருட்டி வேகவைப்பது வழக்கம். கொரியாவில் அரிசியோடு அரைத்துக் காய்ச்சும் பைன் பருப்புக் கஞ்சி, நோயிலிருந்து தேறுவோருக்கும் முதியோருக்கும் தரும் உணவு. இலவங்கப்பட்டையும் இஞ்சியும் சேர்ந்த இனிப்புப் பானத்தில் இரண்டு மூன்று பருப்புகளை மிதக்கவிடுவதும் அங்கே வழக்கம். அமெரிக்காவின் தென்மேற்கு வறண்ட நிலங்களில் ஷோஷோன், பையூட், ஹோபி, நவஹோ மக்களுக்குப் பிஞ்ஞோன் பைன் விதை பல நூற்றாண்டுகளாகக் குளிர்கால உணவு. வறுத்து மாவாக்கிக் கஞ்சி வைப்பார்கள். இத்தாலியில் கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயிலும் கரிந்த பைன் பருப்புகள் கிடைத்திருக்கின்றன.

சமைப்போர் கவனிக்க இரண்டு குறிப்புகள். கொழுப்பு மிகுதி என்பதால் வாணலியில் சட்டென்று கருகும்; மிதமான தீயில், கைவிடாமல் கிளற வேண்டும். அதே காரணத்தால், ஓடு நீக்கிய பருப்பு விரைவில் சிக்கு வாடை அடிக்கும். காற்றுப் புகாமல் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதை நடத்தும்போது இதையும் சொல்லலாம்.

இங்கே ஆசிரியராக ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பைன் பருப்பு கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய் விற்கும் பொருள். அதில் ஏதோ தனிச் சத்து இருப்பதாகவும், வாங்க முடியாத நாம் இழக்கிறோம் என்றும் பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. நம் வேர்க்கடலையில் 100 கிராமுக்குப் புரதம் சுமார் 25 கிராம். பைன் பருப்பில் இருப்பதைவிட அது ஏறக்குறைய இரு மடங்கு. விலை உயர்வு என்பது சத்து உயர்வு அல்ல. கிடைப்பதன் அருமையும் எடுப்பதன் கடினமும்தான் விலை. அந்தக் கடினம் என்ன என்று பார்க்கக் கின்னௌருக்குப் போக வேண்டும்.

கின்னௌர்: துரட்டியும் பிஞ்சுக் கூம்பும்

இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டம், சட்லெஜ் ஆற்றின் வறண்ட, செங்குத்தான மலைச்சரிவுகள். இங்கேதான் இந்தியாவின் சில்கோசா காடுகளில் பெரும்பகுதி இருக்கிறது. சம்பா மாவட்டத்தின் பாங்கிப் பகுதியிலும் உண்டு. எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இக்காடுகள் உள்ளன. மரத்தின் அறிவியல் பெயர் பைனஸ் ஜெரார்டியானா. கொத்துக்கு மூன்று ஊசியிலைகள். பட்டை திட்டுத்திட்டாக உரிந்து சாம்பலும் பசுமையுமாகத் தெரியும். பருவமழை எட்டாத உள் இமயத்தின் பாறைச் சரிவுகளில் வேரோடி மண்ணைப் பிடித்து நிறுத்தும் மரம் இது. கின்னௌர் மக்கள் விருந்தினருக்கும் மணமக்களுக்கும் சில்கோசாவைக் கோத்து மாலையாகவே போடுவார்கள்.

செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. கூம்பு விரிந்தால் விதை சிந்திவிடும், பறவையும் எலியும் கொண்டுபோய்விடும் என்பதால் விரிவதற்கு முன்பே பறிக்கிறார்கள். செங்குத்துச் சரிவில் நிற்கும் மரத்தில் ஏறி, கொக்கி கட்டிய நீண்ட கழியால், அதாவது நம் ஊர்த் துரட்டி போன்ற ஒன்றால், கூம்புகளை இழுத்து விழச்செய்கிறார்கள். கால் தவறினால் உயிருக்கே ஆபத்து. பறித்த கூம்புகளைக் குவித்துவைத்துச் செதில்கள் விரிந்ததும் தட்டி விதை எடுக்கிறார்கள். பல குடும்பங்களுக்கு ஆண்டின் முக்கியமான ரொக்க வருமானம் இதுதான்.

இப்போது முன்பு நினைவில் வைக்கச் சொன்னதை எடுத்துக்கொள்வோம். கூம்பு முதிர இரண்டு ஆண்டுகள். துரட்டியால் இழுக்கும்போது கிளை நுனியும் சேர்ந்து முறிந்தால், அதிலிருக்கும் அடுத்த ஆண்டின் பிஞ்சுக் கூம்பும் போய்விடுகிறது. இந்த ஆண்டு விதை முழுவதும் சந்தைக்கு, அடுத்த ஆண்டு விதையில் ஒரு பகுதி முறிந்த கிளையோடு. மண்ணில் விழும் ஒன்றிரண்டு விதை முளைத்தாலும் மேயும் ஆடுகள் நாற்றைக் கடித்துவிடுகின்றன. விளைவு, பல காடுகளில் முதிர்ந்த மரங்கள் நிற்கின்றன; அவற்றின் அடியில் இளங்கன்றுகளைக் காண்பது அரிது. பார்ப்பதற்குக் காடு பசுமையாகவே இருக்கும். குழந்தைகளே இல்லாத ஊர் போல அது.

இதற்காகக் கின்னௌர் மக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். பல தலைமுறைகளாக அந்தக் காட்டைத் தம் உரிமையாகவும் பொறுப்பாகவும் கருதிக் காத்தவர்கள் அவர்கள். தொலைவிலுள்ள சந்தை தரும் விலை கூடக்கூட, மரத்தில் விட்டுவைக்க மனம் வருவது கடினமாகிறது. கிளையை முறிக்காமல் பறிக்கும் கருவி, ஒவ்வொரு பகுதியிலும் சில மரங்களைப் பறிக்காமல் விடும் ஊர்க்கட்டுப்பாடு, மேய்ச்சலைச் சில ஆண்டுகள் தள்ளிவைத்தல், நாற்று வளர்த்து நடுதல் என்று வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: மிச்சம் வைப்பது. பறவை அறியாமல் செய்வதை மனிதன் அறிந்து செய்ய வேண்டியிருக்கிறது.

வகுப்பறையில் செய்து பார்க்க

1. கூம்பு மூடும், திறக்கும் (தொடக்க வகுப்புகளுக்கும்): மலைப்பகுதிக்குப் போய்வருவோரிடம் கீழே விழுந்து கிடந்த கூம்பு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். விரிந்த கூம்பை நீரில் அமிழ்த்திவையுங்கள். ஓரிரு மணி நேரத்தில் செதில்கள் மூடிக்கொள்ளும். வெயிலில் காயவைத்தால் மறுபடி விரியும். செதிலின் இரண்டு அடுக்குகள் ஈரத்தில் வெவ்வேறு அளவு விரிவதே காரணம். உயிரற்ற கூம்பும் அசைகிறது என்பது குழந்தைகளுக்கு வியப்பு. ஈரக்காற்றில் மூடி, உலர்ந்த காற்றில் திறந்தால் விதைக்கு என்ன நன்மை என்று கேளுங்கள். விடையை அவர்களே சொல்வார்கள்.

2. சட்டையா, வீடா?: வேர்க்கடலை, புளியங்காய், தேங்காய், முந்திரிக்கொட்டை, பாதாம், அவரை ஆகியவற்றை வைத்து எது விதையுறை, எது கனித்தோல் என்று குழுவாகப் பிரித்து அட்டவணை எழுதச் சொல்லுங்கள். பைன் விதை கிடைக்காவிட்டால் படம் வரைந்து கடைசி வரிசையில் சேர்க்கலாம். ‘வீடு’ என்ற கட்டத்தை வெறுமையாக விட வேண்டும் என்பதே பாடம்.

3. புதைத்துத் தேடு: ஒவ்வொரு மாணவருக்கும் பத்துப் புளியங்கொட்டை. மைதானத்தில் பத்து இடங்களில் புதைத்து, கல், மரம், கம்பம் ஆகியவற்றை மனத்தில் குறித்துக்கொள்ளட்டும், எழுதக் கூடாது. ஒரு வாரம் கழித்துத் தேடட்டும். மைதானத்தின் ஒரு பாதியில் மட்டும் கற்களை நீங்கள் முன்கூட்டியே சற்று நகர்த்திவிடுங்கள். கிடைத்தது எத்தனை சதவீதம், இரண்டு பாதிகளுக்கும் வேறுபாடு என்ன என்று கணக்கிட்டு வரைபடம் போடலாம். எங்கள் வகுப்பில் நகர்த்திய பாதியில் தேடியவர்கள் என்மேல் கோபித்துக்கொண்டார்கள். வாண்டர் வாலின் பறவைகளைப் பற்றிச் சொன்ன பிறகே சமாதானமானார்கள். மழைக்குப் பிறகு இரண்டு இடங்களில் புளியங்கன்று முளைத்தது. அதை யார் புதைத்தது என்று இன்னும் சண்டை நடக்கிறது.

4. ஊர்க்கூட்டம்: வகுப்பை மலைக்கிராமமாக மாற்றுங்கள். மரம் ஏறுவோர், வியாபாரி, ஆடு மேய்ப்பவர், வனக்காவலர், நட்கிராக்கர் பறவை என்று ஐந்து குழுக்கள். கற்பனைக் கணக்காகக் கிராமத்துக்கு நூறு மரங்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு எத்தனை மரங்களைப் பறிக்காமல் விடுவது, அதனால் வரும் இழப்பை யார் ஏற்பது என்று பேசி முடிவெடுக்க வேண்டும். ‘சரியான விடை’ எதையும் ஆசிரியர் சொல்ல வேண்டாம். பறவைக் குழுவுக்கும் ஒரு வாக்கு கொடுக்க மறக்காதீர்கள்.

எச்சரிக்கை

வகுப்பில் பைன் விதையைத் தொட்டு, உடைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கொட்டைப் பருப்புகளுக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைகள் இருக்கலாம். பைன் பருப்பும் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். சிலருக்கு, சாப்பிட்டு ஓரிரு நாள் கழித்து வாயில் கசப்பும் உலோகச் சுவையும் தோன்றிச் சில நாள்கள் முதல் இரண்டு வாரம் வரை நீடிப்பதும் உண்டு. சீனாவில் வளரும் ஒரு பைன் இனத்தின் விதையோடு இது தொடர்புபடுத்தப்படுகிறது, தானாகவே சரியாகிவிடும். இன்னொன்று மிக முக்கியம்: ‘திறந்த விதை எல்லாம் உண்ணத்தக்கவை’ என்று எந்தக் குழந்தையும் நினைத்துவிடக் கூடாது. பூங்காக்களில் காணும் சைகஸின் விதை நச்சுள்ளது. அறியாத எந்த விதையையும் வாயில் வைக்கக் கூடாது என்பதைப் பாடத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நிறைவாக

அந்த வாரத் தேர்வில் ‘திறந்த விதைத் தாவரம் என்றால் என்ன?’ என்ற கேள்விக்குப் பலர் புத்தக வரியையே எழுதியிருந்தார்கள். ஓடு பற்றிக் கேட்ட மாணவன் மட்டும், “விதைக்குச் சட்டை இருக்கும், வீடு இருக்காது. அதனால் யாராவது கொண்டுபோய் மண்ணில் வைக்க வேண்டும்” என்று எழுதியிருந்தான். புத்தகத்தில் இல்லாத விடை. முழு மதிப்பெண் போட்டேன்.

கொண்டுவந்த சில்கோசாவில் உடைக்காமல் மிஞ்சியவை ஐந்தாறு. இந்த வெப்பத்தில் அவை முளைக்காது என்று தெரிந்தும், பிள்ளைகள் கேட்டுக்கொண்டதால் ஒரு தொட்டியில் ஊன்றினோம். முளைக்கவில்லை. ஏன் முளைக்கவில்லை என்று அவர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அடுத்த பாடம் அங்கிருந்து தொடங்கும்.